உட்கருவுக்குள் புரதம் நுழையும்போது ஆற்றல் எந்த இடத்தில் செலவாகிறது?

உயிர்வேதி மாணவி எழுதியது:

வணக்கம். முதுகலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உட்கருவுக்குள் புரதங்கள் செல்வதைப் பற்றி என் பாடநூல் ஓரிடத்தில் "ஆற்றல் தேவைப்படும் கடத்தல்" என்கிறது. இரண்டு பக்கம் தள்ளி, கடத்திப் புரதம் தன் சரக்குடன் உட்கருத் துளையைப் பரவல் முறையில் கடக்கிறது என்றும், அந்தக் கடப்பின்போது ஏடிபி போன்ற, ஆற்றல் தரும் எந்த நியூக்ளியோடைடும் உடைக்கப்படுவதில்லை என்றும் எழுதுகிறது. இரண்டும் ஒருசேர எப்படி உண்மையாக இருக்க முடியும்? பரவல் என்றால் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத்தானே நடக்க வேண்டும்? ஒரு புரதம் உட்கருவில் ஏற்கெனவே குவிந்திருக்கும்போது அதே புரதம் மேலும் மேலும் உள்ளே போவதைப் பரவல் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதோடு ஒட்டிய இன்னோர் ஐயமும் உண்டு. ஏறத்தாழ 40 கிலோடால்டனுக்குக் குறைந்த புரதங்கள் துளை வழியாகத் தாமாகவே போய்வரும் என்றால், டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும், 11 முதல் 15 கிலோடால்டன் எடையே உள்ள ஹிஸ்டோன் புரதங்களுக்குக் கடத்திகள் எதற்கு?

செல்லியல் ஆசிரியர் எழுதியது:

உங்கள் பாடநூலின் இரண்டு கூற்றுகளும் சரியே. அவற்றை இணைக்க வேண்டிய பத்தியைத்தான் நூலாசிரியர் எழுதாமல் விட்டிருக்கிறார். அதற்குப் போகுமுன் துளையைப் பற்றிய படத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

உட்கருவைச் சூழ்ந்திருப்பவை இரண்டு சவ்வுகள். அவை ஒன்றோடொன்று இணைந்து வளையும் இடங்களில் துளைத்தொகுதிகள் பொருந்தியிருக்கின்றன. முதுகெலும்பிகளில் ஒரு தொகுதியின் எடை ஏறத்தாழ 110 முதல் 120 மெகாடால்டன். ஈஸ்ட்டில் இதில் பாதி அளவு. இத்தனை பெரிய அமைப்பு ஏறக்குறைய 30 வகைப் புரதங்களால் மட்டுமே ஆனது என்பது முதலில் வியப்பளிக்கும். எட்டு மடிச் சமச்சீர் இருப்பதால் ஒவ்வொரு வகையும் பல படிகளாகத் திரும்பத் திரும்ப வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இந்த வகைகளில் மூன்றில் ஒரு பங்கு, பினைல்அலனின், கிளைசின் என்ற அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் சிறு தொடர்களைப் பல முறை தாங்கிய, எந்த நிலையான வடிவமும் எடுக்காத நீண்ட இழைகளைக் கொண்டவை. துளையின் நடுப்பகுதியை நிரப்பியிருப்பவை இந்த இழைகள்தாம்.

அந்த நடுப்பகுதியில் சரக்கைப் பிடித்து இழுக்கும் மோட்டார்ப் புரதம் எதுவும் இல்லை. தூது ஆர்என்ஏ வெளியேறுவதில் மட்டும் துளையின் வெளிப்பக்கத்தில் ஏடிபியை உடைக்கும் ஒரு நொதி வேலை செய்கிறது. ஆனால் அது தனி வழிமுறை, இந்த வினாவுக்குள் அதை இழுத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் புரதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உட்கருவைப் பார்ப்பதும் தவறான வழியில் கொண்டுபோய் விடும். அங்கே புரதம் மடிப்பு அவிழ்ந்து, சவ்வில் உள்ள குறுகிய கால்வாய்க்குள் ஓர் இழையாக நுழைகிறது. முகவரியாக இருந்த முன்பகுதி பெரும்பாலும் வெட்டி எறியப்படுகிறது. உட்கருவுக்கோ புரதம் முழுமையாக மடிந்த நிலையில், துணைப் புரதங்களோடு சேர்ந்துகூடப் போகிறது, முகவரி வெட்டப்படுவதில்லை. 1984இல் ஃபெல்டெர் குழுவினர் நியூக்ளியோபிளாஸ்மின் என்ற புரதத்தைத் தங்கத் துகள்களின் மேல் பூசித் தவளையின் முட்டைச்செல்லுக்குள் செலுத்தியபோது, அந்தத் துகள்கள் துளையின் நடுவில் வரிசையாக நிற்பதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்கள். தங்கம் மடிப்பு அவிழாது அல்லவா! பின்னாளில் கடத்திகளின் துணையோடு ஏறத்தாழ 39 நானோமீட்டர் விட்டம் உள்ள துகளும் நுழைய முடியும் என்பது காட்டப்பட்டது.

எதிர்வினா எழுதியது:

மோட்டார் இல்லை என்பதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு முன் 1988ஆம் ஆண்டின் சோதனைகளுக்கு விடை தர வேண்டும். நியூமேயரும் ஃபோர்ப்ஸும் உள்ளேற்றத்தை இரண்டு படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள்: சரக்கு துளையின் முகப்பில் ஒட்டுவதற்கு ஆற்றல் தேவையில்லை, ஆனால் ஏடிபியை வற்றச் செய்துவிட்டால் ஒட்டியது ஒட்டியபடியே நின்றுவிடுகிறது, உள்ளே போவதில்லை. கடப்பதற்கே ஆற்றல் வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள் கொள்வது? ஆசிரியரின் தங்கத் துகள் சோதனை துளையின் அகலத்தைக் காட்டுகிறதே ஒழிய, ஆற்றலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆய்வுமேசை எழுதியது:

எதிர்வினாவின் கேள்வி நியாயமானது; அன்றைக்கு அந்தத் துறையினர் பலரும் அப்படித்தான் பொருள் கொண்டார்கள். விடை கிடைத்தது வேறொரு சோதனை முறையால். அதை நான் பலமுறை செய்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1990இல் ஆடம், மார், ஜெரேஸ் ஆகியோர் வெளியிட்ட முறை அது. கண்ணாடிச் சில்லின் மேல் வளர்ந்த செல்களைப் பனிக்கட்டியின் மேல் வைத்து, டிஜிட்டோனின் கரைசலைச் சில நிமிடங்களுக்கு ஊற்றுகிறோம். டிஜிட்டோனின் கொலஸ்டிராலைப் பற்றிக்கொள்ளும் பொருள். செல்லின் வெளிச்சவ்வில் கொலஸ்டிரால் மிகுதி என்பதால் அது ஓட்டையாகிவிடுகிறது. உட்கரு உறையில் குறைவு என்பதால் அது தப்பிக்கிறது. கழுவியதும் சைட்டோசாலில், அதாவது சைட்டோபிளாசத்தின் திரவத்தில், கரைந்திருந்த புரதங்கள் போய்விடுகின்றன. கூடு போன்ற செல்லும் கெடாத உட்கருவும் எஞ்சுகின்றன. இந்தப் பருவத்தில் கை சற்று அழுத்தமாகப் பட்டாலும், டிஜிட்டோனின் சிறிது கூடிவிட்டாலும் உட்கரு உறையும் கிழிந்துவிடும். அதனால் 70 கிலோடால்டன் எடையுள்ள, டெக்ஸ்ட்ரான் என்ற ஒளிரும் சர்க்கரைத் தொடரை ஒரு சில்லில் தனியாக ஊற்றிப் பார்ப்போம். ஒளிரும் பின்புலத்தில் உட்கருக்கள் கரிய வட்டங்களாகத் தெரிந்தால் உறை நன்றாக இருக்கிறது என்று பொருள். அந்தக் கரிய வட்டங்களைப் பார்க்காமல் மேற்கொண்டு போகிறவருடைய முடிவுகளை நான் நம்ப மாட்டேன்.

அடுத்து, உட்கருவுக்குப் போக முகவரியாக அமையும் உட்கருக் குறியீட்டைப் பிணைத்த, ஒளிரும் அல்புமின் புரதத்தைச் சேர்க்கிறோம். வெறுமனே சேர்த்தால் ஒன்றும் நடப்பதில்லை. கழுவிப்போன சைட்டோசாலுக்கு ஈடாகச் செல்சாற்றையும் ஆற்றல் தரும் கலவையையும் சேர்த்து 30 பாகை செல்சியசில் அரை மணி நேரம் வைத்தால், உட்கருக்கள் அனைத்தும் ஒளிர்கின்றன. பனிக்கட்டியின் மேலேயே வைத்திருந்தால் உட்கருவின் விளிம்பில் மட்டும் மெல்லிய ஒளி வளையம் தெரிகிறது; எதிர்வினா சொன்ன "ஒட்டி நிற்கும்" படி அதுதான்.

இந்த முறையின் பெரும்பயன், செல்சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, உள்ளேற்றத்துக்கு எந்தப் பகுதி இன்றியமையாதது என்று தேட முடிந்ததே. 1993இல், குவானோசின் டிரைபாஸ்பேட்டையோ டைபாஸ்பேட்டையோ தாங்கும் ரான் என்ற சிறிய புரதமும், 1994, 1995 ஆண்டுகளில் கடத்திப் புரதங்களான இம்போர்ட்டின் ஆல்பாவும் பீட்டாவும் இவ்வாறே பிடிபட்டன. தூய்மையாக்கிய இந்தச் சில புரதங்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது: ரானின் மேல் உள்ள டிரைபாஸ்பேட் உடைய முடியாதபடி செய்த நிலையிலும் ஒரு சுற்று உள்ளேற்றம் நடந்தது. அப்படியானால் ஏடிபி வற்றியபோது எல்லாம் நின்றது ஏன்? செல்லில் ஏடிபி தீர்ந்தால் குவானோசின் டிரைபாஸ்பேட்டும் கூடவே தீர்ந்துவிடும். இரண்டுக்கும் இடையே பாஸ்பேட்டை மாற்றிக் கொடுக்கும் நொதி இருக்கிறது. டிரைபாஸ்பேட் தாங்கிய ரான் இல்லாமல் போனால் சரக்கை இறக்கிவிட ஆளில்லை, கடத்தியைத் திருப்பி அனுப்பவும் ஆளில்லை. நின்றுபோனது சுற்று முழுவதும். துளையைக் கடப்பதற்கே ஆற்றல் வேண்டும் என்பதற்கு அது சான்றாகாது.

வெப்பஇயக்கவியல் எழுதியது:

மாணவியின் முதல் வினாவுக்கு நேரடியான விடையை எழுதிவிடுகிறேன். "எந்தப் பொருளின் செறிவு?" என்று கேட்டுப் பழகினால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

துளையைக் கடப்பது தனிச் சரக்கு அன்று, சரக்கும் இம்போர்ட்டினும் சேர்ந்த கூட்டு. பரவலின் திசையை முடிவு செய்வது அந்தக் கூட்டின் செறிவு. சைட்டோபிளாசத்தில் கூட்டு உண்டாகிக்கொண்டே இருக்கிறது. உட்கருவுக்குள் வந்த கூட்டை, டிரைபாஸ்பேட் தாங்கிய ரான் இம்போர்ட்டின் பீட்டாவைப் பற்றிக்கொண்டு உடனே கலைத்துவிடுகிறது. ஆகவே உட்கருவில் விடுபட்ட சரக்கு எவ்வளவுதான் குவிந்திருந்தாலும், கூட்டின் செறிவு அங்கே எப்போதும் மிகக் குறைவு. கூட்டு தன் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கே போகிறது. சரக்கோ தன் செறிவுக்கு எதிராகச் சேர்கிறது. இரண்டும் முரண்படவில்லை.

மாடியில் உள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கீழே இறங்குவதற்குக் குழாயில் மோட்டார் வேண்டியதில்லை. மின்சாரம் செலவானது தொட்டியை நிரப்பியபோது. இங்கே தொட்டிக்கு நிகரானது ரானின் இரண்டு வடிவங்களுக்கு இடையே, உட்கருவுக்கு உள்ளும் புறமும் நிலவும் ஏற்றத்தாழ்வு. ரானுக்கு டைபாஸ்பேட்டை நீக்கி டிரைபாஸ்பேட்டை ஏற்ற உதவும் ஆர்சிசி1 என்ற புரதம், டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த குரோமாட்டினோடு ஒட்டியிருக்கிறது, ஆகவே உட்கருவுக்குள்தான் வேலை செய்யும். ரானின் டிரைபாஸ்பேட்டை உடைக்கத் தூண்டும் ரான்கேப் என்ற புரதம் சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி துளையின் வெளிப்பக்க இழைகளிலேயே கட்டப்பட்டிருக்கிறது. ரான் தானாக டிரைபாஸ்பேட்டை உடைப்பது மிக மெதுவாகவே நடக்கும். ரான்கேப் அதை ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு விரைவாக்குகிறது. இந்த இரண்டு புரதங்களும் எல்லைக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன என்ற ஒரே காரணத்தால்தான் உட்கருவில் டிரைபாஸ்பேட் ரானும், வெளியே டைபாஸ்பேட் ரானும் மிகுந்திருக்கின்றன. ஆற்றல் செலவாகும் இடம் ரான்கேப்பின் அருகில். துளைக்கு வெளியே, சரக்கு இறங்கிப்போன பிறகு.

எதிர்வினா எழுதியது:

ரான்தான் திசையைத் தீர்மானிக்கிறது என்றால், ஏற்றத்தாழ்வைத் தலைகீழாக்கினால் கடத்தலும் தலைகீழாக வேண்டும். அப்படி யாரும் செய்து காட்டியிருக்கிறார்களா? இல்லையென்றால் வெப்பஇயக்கவியலாரின் விளக்கம் அழகான கணக்கு என்ற அளவில்தான் நிற்கும்.

ஆய்வுமேசை எழுதியது:

செய்து காட்டியிருக்கிறார்கள். 1999இல் நச்சுரியும் வைஸும் டிஜிட்டோனின் முறையையே கையாண்டு, டிரைபாஸ்பேட் தாங்கிய ரானைச் சைட்டோபிளாசப் பக்கத்தில் மிகுதியாகச் சேர்த்தார்கள். துளை வழியான கடத்தலின் திசை புரண்டது. துளைக்குத் தனக்கென்று ஒரு திசை இருந்திருந்தால் அது நடந்திருக்காது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுவே. ஒரே அடியில் பல ஆண்டு வாதத்தை முடித்துவைத்தது.

உயிர்வேதி மாணவி எழுதியது:

செறிவு எந்தப் பொருளுக்கு உரியது என்ற விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. ஆனால் ரான் பற்றுவது இம்போர்ட்டின் பீட்டாவை. சரக்கின் குறியீட்டைப் பிடித்திருப்பதோ இம்போர்ட்டின் ஆல்பா. பீட்டா போய்விட்டால் ஆல்பா ஏன் சரக்கை விட வேண்டும்?

செல்லியல் ஆசிரியர் எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். குறியீட்டைப் பற்றிச் சில வரிகள் சொன்னால்தான் இதற்கு விடை புரியும்.

எஸ்வி40 வைரசின் பெரிய டி-எதிர்ப்பியில் உள்ள குறியீடு ஏழே அமினோ அமிலங்கள்: புரோலின், மூன்று லைசின்கள், ஆர்ஜினின், மறுபடி லைசின், வாலின். 708 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் 128ஆம் இடத்து லைசின் ஒன்றை மாற்றினாலே முழுப்புரதமும் சைட்டோபிளாசத்தில் தங்கிவிடுகிறது என்பது 1984இல் தெரியவந்தது. நியூக்ளியோபிளாஸ்மினில் இதே வகைக் குறியீடு இரண்டு துண்டுகளாக, நடுவில் ஏறத்தாழ பத்து அமினோ அமில இடைவெளியுடன் இருக்கிறது. இரண்டுமே நேர்மின்னேற்றம் மிகுந்தவை. இம்போர்ட்டின் ஆல்பா உட்குழிந்த ஒரு நீண்ட வளைவு. அதன் உட்பள்ளத்தில் இவை படிந்துகொள்கின்றன.

அந்த ஆல்பாவின் முன்முனையில் ஒரு வால் இருக்கிறது. இம்போர்ட்டின் பீட்டா பற்றிக்கொள்ளும் பகுதி அதுதான். அந்த வாலிலும் உட்கருக் குறியீட்டைப் போலவே நேர்மின்னேற்றம் மிகுந்த ஒரு துண்டு உண்டு. பீட்டா பிடித்திருக்கும்வரை வால் விலகியிருக்கிறது, பள்ளம் சரக்குக்காகத் திறந்திருக்கிறது. ரான் வந்து பீட்டாவைப் பிரித்ததும் வால் திரும்பி ஆல்பாவின் சொந்தப் பள்ளத்திலேயே படிந்து, சரக்கைத் தள்ளிவிடுகிறது. துளையின் உட்பக்கத்தில் உள்ள நியூப்50 என்ற புரதமும் இதற்குக் கைகொடுக்கிறது. சரக்கின் குறியீட்டுக்குப் போலியான துண்டை ஆல்பா தன்னிடமே வைத்திருக்கும் இந்த ஏற்பாடு, படிப்பவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம். தேர்வில் இதைக் குறிப்பிட்டால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

பிறகு இரண்டு கடத்திகளும் வெளியே திரும்ப வேண்டும். பீட்டா, தன்னைப் பற்றிய ரானுடனேயே போய்விடும். ஆல்பாவுக்கு வெளியே செல்லத் தனிக் கடத்தி வேண்டும். அந்தக் கடத்தியும் டிரைபாஸ்பேட் ரான் ஒன்றைத் தன்னோடு கொண்டுசெல்கிறது. ஆக, ஒரு சரக்கு உள்ளே போகும் முழுச் சுற்றுக்கு இரண்டு ரான்கள் வெளியேறி, இரண்டு டிரைபாஸ்பேட் உடைகின்றன. வெளியே வந்து டைபாஸ்பேட் தாங்கிய ரானை உட்கருவுக்குத் திருப்பிக் கொண்டுபோவது என்டிஎஃப்2 என்ற சிறு புரதம்.

எல்லாச் சரக்குக்கும் ஆல்பா தேவை என்று நினைத்துவிட வேண்டாம். பல சரக்குகள் பீட்டாவையோ, பீட்டாவின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு கடத்திகளையோ நேராகவே பற்றிக்கொள்கின்றன.

ஹிஸ்டோன் பற்றிய ஐயம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆய்வுமேசை எழுதுவாரா?

ஆய்வுமேசை எழுதியது:

எழுதுகிறேன். 40 கிலோடால்டன் என்பதை ஒரு கோடாக நினைக்கக் கூடாது. எடை கூடக்கூடத் தானாகப் பரவும் வேகம் படிப்படியாகக் குறைகிறதே தவிர, ஓர் எண்ணில் திடீரென்று நின்றுவிடுவதில்லை. 2016இல் ஈஸ்ட் செல்களில் பல அளவுப் புரதங்களை வைத்து அளந்தவர்களும் இப்படிப்பட்ட மென்மையான தடையையே கண்டார்கள். பாடநூல்கள் அந்த எண்ணைச் சுவர்போல வரைவதை நிறுத்தினால் நல்லது.

ஹிஸ்டோனுக்குக் கடத்தி தேவைப்படுவதற்கு எடை காரணமன்று. டிஎன்ஏ இரட்டிக்கும் வேளையில் செல்லுக்கு மிகக் குறுகிய காலத்தில் ஏராளமான ஹிஸ்டோன்கள் வேண்டும். தானாகப் பரவுவதை நம்பிக் காத்திருக்க முடியாது. அதைவிட முக்கியமான காரணம், ஹிஸ்டோனின் மேல் உள்ள மிகுந்த நேர்மின்னேற்றம். சைட்டோபிளாசத்தில் எங்கு திரும்பினாலும் எதிர்மின்னேற்றமுள்ள ஆர்என்ஏ. மூடப்படாத ஹிஸ்டோன் கண்டதோடு ஒட்டித் திரண்டுவிடும். இம்போர்ட்டின்கள் அந்த மின்னேற்றப் பகுதிகளைச் சுற்றி மூடிக்கொண்டு பாதுகாப்பாளராகவும் வேலை செய்கின்றன. ரைபோசோம் புரதங்களுக்கும் இதே நிலைதான்.

எதிர்வினா எழுதியது:

ரான் பற்றி இனி எனக்கு மறுப்பில்லை. ஆனால் துளை எப்படி ஆள் பார்த்து விடுகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. 70 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரான் நுழைவதில்லை. அதைவிடப் பெரிய இம்போர்ட்டின் கூட்டு நுழைகிறது. எந்த விளக்கத்தை ஏற்பது?

வெப்பஇயக்கவியல் எழுதியது:

இங்கேதான் உண்மையான கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது. ஒரு சாரார், வடிவமற்ற இழைகள் துளையின் சுவரிலிருந்து தூரிகை மயிர்போல நீட்டிக்கொண்டு ஓயாமல் அசைவதாலேயே பிற மூலக்கூறுகளை விலக்குகின்றன என்கிறார்கள். இன்னொரு சாரார், பினைல்அலனின்கள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளை வலையாக்குகின்றன என்றும், இம்போர்ட்டின் அந்த ஒட்டுகளைத் தற்காலிகமாகத் தன் பக்கம் ஈர்த்து வலைக்குள் கரைந்து போகிறது என்றும் கொள்கிறார்கள். கோர்லிக் குழுவினர் 2006இல் ஈஸ்ட்டின் துளைப் புரதங்களில் ஒன்றான என்எஸ்பி1இன் இழைகளை மட்டும் கொண்டு சோதனைக்குழாயில் கூழ்க்களி ஒன்றை உருவாக்கிக் காட்டினார்கள். செல்லுக்குள் துளையின் நடுவிலும் அதே நிலைதான் என்பதற்கு அது முழுச் சான்று ஆகாது என்பது என் கருத்து. இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் செய்தி இது: இம்போர்ட்டினுக்கும் இழைக்கும் இடையே உள்ள ஒவ்வொரு பிடிப்பும் மிக வலுவற்றது, அதே நேரத்தில் பல பிடிப்புகள் ஒருங்கே நடக்கின்றன. பிடிப்பு வலுவாக இருந்தால் கடத்தி துளையிலேயே சிக்கிக்கொள்ளும். ஒரு மூலக்கூறு கடக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகிறது. ஒரே துளை நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கடப்புகளைச் சமாளிக்கிறது. வரிசையில் ஒவ்வொன்றாகப் போனால் நொடிக்கு 100தான் முடியும் என்பதால், ஒரே வேளையில் பல மூலக்கூறுகள் துளைக்குள் இருந்தாக வேண்டும்.

செல்லியல் ஆசிரியர் எழுதியது:

கூழ்க்களி விளக்கத்தின் பக்கம் நான் சற்றுச் சாய்ந்திருக்கிறேன், காரணம் எச்ஐவி. அதன் கூம்பு வடிவ உறை அகன்ற முனையில் ஏறத்தாழ 60 நானோமீட்டர். அது உடையாமல் துளைக்குள் நுழைவதைச் செல்லுக்குள்ளேயே எடுத்த மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் 2021இல் காட்டின. உறையின் மேற்பரப்பே பினைல்அலனின்-கிளைசின் தொடர்களைப் பற்றும் குழிகளைக் கொண்டது. கடத்தியின் வேலையை அது தானே செய்துகொள்கிறது. எபோலா வேறு வழியில் போகிறது: அதன் விபி24 புரதம் இம்போர்ட்டின் ஆல்பாவின் சில வகைகளைப் பற்றி, நோய்த்தடுப்புச் செய்தி கொண்டுபோகும் ஸ்டாட்1 உட்கருவுக்குள் நுழையாதபடி தடுக்கிறது.

உயிர்வேதி மாணவி எழுதியது:

இறுதியாக ஒன்று. செல் பிரியும்போது உட்கரு உறையே கலைந்துவிடுகிறது. எல்லை இல்லையென்றால் ரானின் ஏற்றத்தாழ்வும் இல்லாமல் போகுமா? உள்ளே இருந்த புரதங்கள் எல்லாம் சிதறிய பிறகு எப்படித் திரும்புகின்றன?

செல்லியல் ஆசிரியர் எழுதியது:

திரும்புவதற்காகவே குறியீடு வெட்டப்படாமல் இருக்கிறது. உறை மீண்டும் உருவானதும் அதே குறியீட்டைக் காட்டி அவை மறுபடி நுழைகின்றன. ரானைப் பொறுத்தவரை, உறை கலைந்தாலும் ஆர்சிசி1 குரோமோசோம்களை விட்டு நீங்குவதில்லை. ஆகவே குரோமோசோம்களைச் சுற்றி டிரைபாஸ்பேட் ரான் மிகுந்தும், தொலைவில் குறைந்தும் இருக்கிறது. குரோமோசோம்களைப் பிரிக்கும் நுண்குழல் அமைப்பான கதிர்க்கோல் அமைவதற்கு வேண்டிய டிபிஎக்ஸ்2 போன்ற புரதங்களை இம்போர்ட்டின்கள் பிடித்து முடக்கி வைத்திருக்கும். குரோமோசோம்களின் அருகில் ரான் அவற்றை விடுவிக்கிறது. நுண்குழல்கள் அந்த இடத்தில் வளரத் தொடங்குகின்றன.